காலுறை

எழுபத்திரண்டு பசுக்கள் எங்களுக்கு.
காலை ஐந்துக்குக் கறவை இயந்திரம் இரையத் தொடங்கும்.
பாதி ஃபிரீஸ்லாந்து என் பாலில்தான் காபி குடிக்கிறது என்று
முன்பெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

மார்ச்சிலிருந்து என் வீட்டுக்குள் பால் இல்லை.
வெண்ணெய் இல்லை. கோதுமை ரொட்டி இல்லை.
ஃபோக்யெ இரவெல்லாம் கண்விழித்துப் படித்திருந்தாள்:
இரண்டையும் நிறுத்தியதில்
சில பிள்ளைகள் தெளிந்திருக்கிறார்களாம்.
அந்தச் 'சில'வுக்குள் எப்படியாவது
யெல்மரை நுழைத்துவிட வேண்டும் அவளுக்கு.
நான் மறுக்கவில்லை.
ஆறு வயதாகியும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை.
மறுக்க என்னிடம் என்ன இருந்தது?

அவன் சாப்பிட்டதே ஐந்து பொருள்.
நான்கு வெள்ளை. ஐந்தாவது, ஒரே கம்பெனியின் ஒரே பிஸ்கட்;
முனை உடைந்திருந்தால் அதுவும் கிடையாது.
ஐந்தில் மூன்று இப்போது போயிற்று.
அரிசிமாவு ரொட்டியை அவன் கடிக்கவில்லை.
மேசை விளிம்புக்கு இணையாக வைத்தான்,
விரலால் ஒரு நூலிழை தள்ளினான்,
போய்விட்டான்.
நீலக் கோப்பையில் பாதாம் பால் வந்தது.
கோப்பையை நம்பிக் குனிந்தான். முகர்ந்தான்.
நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

லேவார்டனில் உணவியல் நிபுணர் ஹுக்ஸ்ட்ரா
எடைக் கருவியை இரண்டு முறை படித்தார்.
"உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.
எலும்புக்கு என்ன கொடுக்கிறீர்கள்?"
ஒரு நோட்டைத் தந்தார்.
உண்டது, உறங்கியது, மலம், மனநிலை.
ஃபோக்யெ கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டாள்.

ஏப்ரல் ஒன்பது, இரவு இரண்டு மணி.
கன்று ஈனக் காத்திருந்த 4417-ஐப் பார்க்கப் போனேன்.
பால் அறையில் விளக்கு இல்லை, முனகல் இருந்தது.
குளிர்த்தொட்டி முனகும் அதே சுருதியில்
இன்னொரு முனகல்.
பைஜாமாவும் காலுறையுமாய் என் மகன்
நாலாயிரம் லிட்டர் எஃகில் கன்னம் ஒட்டி,
கீழ்க்குழாயில் திரளும் சொட்டை
நாக்கில் ஏந்திக்கொண்டிருந்தான்.
ஒரு சொட்டு. காத்திருப்பு. ஒரு சொட்டு.

கத்தியிருக்கலாம். தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

அன்றைய பக்கத்தில் அவள் எழுதினாள்:
'ஏழு மணி நேரத் தூக்கம். அலறல் இல்லை.
மாடுகளின் காதட்டை எண்களை வரிசையாகச் சொன்னான்.
உணவுமுறை பலிக்கிறது போல.'
'போல'வை அடித்திருந்தாள்.

அப்படிப் பதினோரு இரவுகள்.
பதினோரு காலைகளில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து
பாலில்லாத காபியைக் குடித்தேன்.
பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.
ஊருக்கே பால் ஊற்றுகிறவன்
பெற்ற பிள்ளைக்குத் திருட்டுப் பால் ஊற்றினேன்.
அவன் தூங்கியது பாலாலா, தொட்டியின் முனகலாலா,
அந்த நேரத்தில் யாரும் அவனிடம்
ஒரு சொல் கேட்டு நிற்காததாலா,
எனக்குத் தெரியாது.
ஹுக்ஸ்ட்ராவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி எடை பார்க்கப் போகும் வியாழன் காலை
ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன்.
கடைசிக் கட்டத்துக்கு அப்பால், ஓரத்தில்,
ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்த ஒரு கோடு.
தலைப்பு: காலுறை.

ஏப்ரல் 5: ஈரம்.
6: காய்ந்து மொடமொடப்பு. முகர்ந்தேன்.
7: மொடமொடப்பு.
8: சுத்தம். ஏன் போகவில்லை?
9: மொடமொடப்பு. பெரிய பூட்ஸ் தடமும்.

எனக்கு நான்கு நாள் முன்பே.

கார் கால்வாயோரம் போய்க்கொண்டிருந்தது.
அவள்தான் ஓட்டினாள்.
"எந்தக் குழாய்?" என்றாள், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
"கீழ்க்குழாய்."
வயல்கள் இரண்டு போயின.
"கழுவிவிட்டுத்தானே திறந்தாய்?"

பின்னிருக்கையில் யெல்மர் எண்களைத் தொடங்கியிருந்தான்.
4417. 4418. 4420.
4419-ஐ நாங்கள் போன வாரம் விற்றிருந்தோம்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை.